போனஸ் அண்ணையும் நாலு தேசிக்காயும்

ஒஸ்லோவில் உணவகங்களுக்குள் இருந்து புகைபிடிக்கக் கூடாது என்று சட்டம் வந்ததே, அந்த வருடத்துக் குளிர்காலம். எனக்கு அது மறக்காது. நான் அப்போது நகரத்துக்குள் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். சிகரெட்டோடு வெளியே போனவர்கள் குளிரில் நடுங்கிக்கொண்டு திரும்பி வந்து சூடாக ஏதாவது கேட்பார்கள். அதனால் எனக்குக் கழுவக் கிடைத்த கோப்பைகள் கூடின. சட்டம் போட்டவர்கள் கோப்பை கழுவுகிறவனைப் பற்றி யோசிக்கவில்லை. அது போகட்டும். நான் சொல்ல வந்தது போனஸ் அண்ணையைப் பற்றி.

நோர்வேயில் அன்றைக்கு ஓடிய அத்தனை கார்களுக்காகவும் ஒரே ஒரு மனிதர் கவலைப்பட்டார். அது போனஸ் அண்ணைதான். ரொம்சோஸில் எங்கள் கட்டடத்துக்கு அடுத்த கட்டடத்தில் இருந்தார். பஸ் கழுவுகிற இடத்தில் வேலை. தனி ஆள். அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் என்னவென்று எனக்குத் தெரியாது. தபால்காரருக்குத் தெரிந்திருக்கலாம்.

பெயர் வந்த கதை இதுதான். இந்த நாட்டில் விபத்தில்லாமல் கார் ஓடினால் வருடா வருடம் காப்புறுதிக் கட்டணத்தில் கழிவு கூடிக்கொண்டு போகும். அதைப் போனஸ் என்பார்கள். அண்ணை நூற்றுக்கு எழுபது வீதத்துக்கு ஏறி, அங்கேயே அசையாமல் இருந்தார். மற்றவர்கள் பிள்ளைகளின் படிப்பைச் சொல்லுவார்கள், வாங்கின வீட்டைச் சொல்லுவார்கள். இவர் எழுபது வீதத்தைச் சொல்லுவார்.

அதை அவர் எப்படிக் காத்தார் என்று பார்க்க வேண்டும். கடைக்குப் போனால் காரைத் தரிப்பிடத்தின் கடைசி மூலையில், ஒரு காரும் இல்லாத இடத்தில் நிறுத்திவிட்டு, பத்து நிமிடம் நடந்து வருவார். யாராவது பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினால், வாங்கின பாலையும் பாணையும் நிலத்தில் வைத்துவிட்டு, அந்த ஆள் வந்து காரை எடுக்கும்வரை காவல் நிற்பார். எழுபதில் போகிற ரோட்டில் நாற்பதில் போவார். ஒருமுறை என்னைக் கோயிலுக்கு ஏற்றிக்கொண்டு போனார். எங்களை ஒரு பஸ் முந்தியது, பிறகு ஒரு உழவு இயந்திரம் முந்தியது, கடைசியில் ஏற்றத்தில் ஒரு நோர்வேஜியக் கிழவி சைக்கிளில் முந்திக்கொண்டு போனா.

"அண்ணை, கிழவி போட்டா," என்றேன்.

"போகட்டும் தம்பி. அவவுக்குப் போனஸ் இல்லை, அதுதான் பயமில்லாமல் போறா."

அப்படி இருந்தவருக்கு அந்த இலையுதிர் காலத்தில் ஒரு பெரிய இடி. காரைப் பரிசோதனைக்குக் கொண்டுபோனார். அடிப்பக்கம் முழுக்கத் துருப்பிடித்துவிட்டது, இனி ஓடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கார் போய்விட்டது. போனஸ் மட்டும் மிஞ்சியது. அதையும் கனகாலம் சும்மா வைத்திருக்க முடியாது, வேறு காரில் போடாவிட்டால் இல்லாமல் போய்விடும்.

இந்தச் செய்தி இரண்டு நாளில் நகரத்தின் மற்றப் பக்கம் ஹொல்ம்லியா வரைக்கும் போனது. ஏனென்றால் எங்கள் பிள்ளைகளுக்கு நிலைமை நேர்மாறு. பதினெட்டு, பத்தொன்பது வயதில் லைசென்ஸ் எடுத்துவிடுவார்கள். போனஸ் இருக்காது. வயது குறைவென்று மேல்கட்டணம் வேறு. ஒரு பழைய காரை எப்படியோ வாங்கிவிடலாம். அதற்குக் காப்புறுதி கட்டுவதென்றால் அந்தக் காரையே விற்க வேண்டும். அதனால் தகப்பன் பெயரிலோ மாமன் பெயரிலோ காரைப் பதிவது வழக்கம்.

போனஸ் அண்ணை வீட்டுக்கு மாப்பிள்ளை கேட்டு வருகிற மாதிரி வரத் தொடங்கினார்கள். ஒருவன் கேக்கோடு வந்தான். ஒருவன் தாயோடு வந்தான். அண்ணை எல்லாரையும் இருத்தி, ஒரு கோப்பை நிறையத் தேத்தண்ணி ஊற்றிக் கையில் கொடுப்பார்.

"தம்பி, இதைக் கொண்டு கீழை இறங்கி, திரும்ப நாலு மாடியும் ஏறி வா. சிந்தக் கூடாது."

ஒருவனும் தேறவில்லை. கேக்கோடு வந்தவன் இரண்டாம் மாடியில் தடக்குப்பட்டான். "தேத்தண்ணியையே வைச்சிருக்கத் தெரியேல்லை, இவன் காரை வைச்சிருப்பானோ?" என்று அண்ணை கேக்கையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். என் மகள் சுபாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. தாதிப் படிப்பு. லைசென்ஸும் எடுத்துவிட்டாள். பியோர்ண்டாலில் முதியோர் இல்லம் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமைக் காலை வேலை கிடைத்திருந்தது. ரொம்சோஸ் நகரத்தின் ஒரு மூலை, பியோர்ண்டால் மற்ற மூலை. ஞாயிறு காலையில் முதல் ரயிலைப் பிடித்து, பிறகு பஸ்ஸைப் பிடித்துப் போனால், அங்கே கிழவர்கள் காலைச் சாப்பாடு முடித்திருப்பார்கள். இரண்டு முறை பிந்திப் போய்விட்டாள். மூன்றாம் முறை பிந்தினால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள்.

என் பெயரில் கார் பதியலாமே என்று நினைப்பீர்கள். நான் சாரதிப் பரீட்சைக்குப் போனவன்தான். கேள்வித்தாளில் இருந்த படங்கள் எல்லாம் எனக்கு விளங்கின. எழுத்துத்தான் விளங்கவில்லை. மூன்று தரம் போய் விட்டுவிட்டேன். ஆகவே சுபாவைக் கூட்டிக்கொண்டு அண்ணையிடம் போனேன்.

அண்ணை தேத்தண்ணியை ஊற்றினார். சுபா வாங்கினாள். நின்ற இடத்திலேயே பாதியைக் குடித்தாள். பிறகு ஆறுதலாக இறங்கிப்போய் ஏறி வந்தாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

அண்ணை கோப்பையைப் பார்த்தார். சுபாவைப் பார்த்தார்.

"ஏன் பிள்ளை குடிச்சனீ?"

"சிந்தக் கூடாதெண்டுதானே மாமா சொன்னீங்கள்? குடிக்கக் கூடாதெண்டு சொல்லேல்லையே."

அண்ணை என் பக்கம் திரும்பி, "தம்பி, வாங்கிறதுக்கு ஒரு காரைப் பார்," என்றார்.

வெளிறின நீலத்தில் சின்னக் கார் ஒன்று வாங்கினோம். அண்ணை தானே போய்த் தன் பெயரில் பதிந்து, தன்னுடைய போனஸை அதில் போட்டார். சிலர் பிள்ளை ஓடுவதைக் கம்பனிக்குச் சொல்லாமல் விடுவார்கள். அண்ணைக்கு மறைத்தால் நித்திரை வராது. அவரே தொலைபேசி எடுத்தார்: "இந்தக் காரை இன்னொரு ஆளும் ஓடும். வயது பத்தொன்பது. நல்ல பிள்ளை. ஆனால் பத்தொன்பது." மேல்கட்டணம் போட்டார்கள். எழுபது வீதம் கழித்த பிறகு எங்களால் தாங்கக்கூடியதாக இருந்தது.

திங்கட்கிழமை விற்றவர் காரைக் கொண்டுவந்து எங்கள் கட்டடத்துக்கு முன்னால் விட்டுவிட்டுப் போனார். சனிக்கிழமை நல்ல நாள், பூசை செய்யாமல் ஒருவரும் சில்லை உருட்டக் கூடாது என்று அண்ணை சொல்லிவிட்டார். அந்த ஐந்து நாளும் வேலை முடிந்து வந்து காரைச் சுற்றி நடப்பார். பனியைக் கையால் தட்டுவார். போகும்போது சுபாவுக்குத் தொலைபேசி எடுப்பார்.

"பிள்ளை, இண்டைக்கு ரோட்டு சரியா வழுக்குது."

"மாமா, நான் கட்டிலிலை இருக்கிறன்."

"பரவாயில்லை, கவனமா இரு."

முதலில் சிரித்தாள். புதன்கிழமைக்குப் பிறகு தொலைபேசி அடித்தாலே முகம் வாடத் தொடங்கியது. "அப்பா, ஒரு கீறல் விழுந்தாலும் மாமாக்கு ஏதாவது ஆயிடுமோ?" என்று கேட்டாள். எனக்கும் அதே பயம்தான். "ச்சே, ஒண்டும் ஆகாது," என்றேன்.

சனிக்கிழமை வெளியே சைபருக்குக் கீழே பதினைந்து. அண்ணை வேட்டி கட்டி, அதற்கு மேல் பனிச் சப்பாத்தும் தடித்த ஜாக்கெட்டும் போட்டு, கையில் கற்பூரத்தோடும் நாலு தேசிக்காயோடும் வந்தார். எலுமிச்சங்காயைத்தான் நாங்கள் தேசிக்காய் என்போம். தேசிக்காய்களை வியாழக்கிழமையே வாங்கிக் காரின் டிக்கிக்குள் வைத்திருந்தாராம். காருக்கு உரிய சாமான் காரோடுதான் இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். இரண்டு இரவு அந்தக் குளிரில் கிடந்த தேசிக்காய் எப்படி இருக்கும்? எடுத்துத் தட்டினால் டொக் டொக் என்றது. கல்.

"அண்ணை, இது நசியாது போலை."

"கார் ஏறினா எல்லாம் நசியும். நீ விலகு."

நாலு சில்லுக்கும் முன்னால் ஒவ்வொன்றாக வைத்தார். கற்பூரம் காட்டினார். சுபா காருக்குள் ஏறினாள். அண்ணை முன்னால் நின்று, தேர் இழுக்கிறவர்களுக்குக் காட்டுகிற மாதிரி இரண்டு கையையும் தூக்கி, "மெல்ல... மெல்ல... மெல்ல விடு பிள்ளை," என்று பின்பக்கமாக நடந்தார்.

மூன்று தேசிக்காய் பனிக்குள் புதைந்தன. முன் வலப்பக்கச் சில்லுக்குக் கீழே வெறும் ஐஸ். சில்லு ஏறப் பார்த்தது, தேசிக்காய் நழுவியது. துவக்கால் சுட்ட மாதிரிப் பக்கவாட்டில் பறந்து போய், கீழ்வீட்டு ஓட்வாருடைய காரின் முன்விளக்கில் அடித்தது. கண்ணாடி கொட்டியது.

ஓட்வார் ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை தவறாமல் காரைத் துடைக்கிறவர். சத்தம் கேட்டு வீட்டுச் செருப்போடு வெளியே வந்தார். உடைந்த விளக்கைப் பார்த்தார். குனிந்து தேசிக்காயை எடுத்தார். அதில் ஒரு கீறலும் இல்லை.

சுபாதான் நோர்வேஜிய மொழியில் கதைத்தாள். அவர் கேட்டதையும் தான் சொன்னதையும் எங்களுக்கு மாறி மாறித் தமிழில் சொன்னாள்.

"இது எங்கையிருந்து வந்தது எண்டு கேக்கிறார். எங்கடை சில்லுக்குக் கீழையிருந்து எண்டு சொன்னனான். அங்கை ஏன் வைச்சனீங்கள் எண்டு கேக்கிறார்."

"என்ன சொன்னனீ?"

"விபத்து நடக்காமல் இருக்க எண்டு சொன்னனான்."

ஓட்வார் தேசிக்காயைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், வேட்டியோடு நின்ற அண்ணையைப் பார்த்தார். பிறகு, வெளியில் நின்றால் எல்லாரும் விறைத்துவிடுவோம், உள்ளே போவோம் என்றார்.

எங்கள் குசினி மேசையில் இருந்தோம். ஓட்வார் நல்ல மனிதர். கையில் காசு தந்தாலும் சரி, காப்புறுதிப் படிவம் நிரப்பினாலும் சரி, விளக்கு எரிந்தால் போதும் என்றார். படிவத்தையும் கொண்டுவந்து வைத்தார். அதை நிரப்பினால் கழிவு பல படி இறங்கி, எழுபது வீதம் போய்விடும். அண்ணை அந்தத் தாளைப் பாம்பைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார்.

எனக்குத் தாங்கவில்லை. "அண்ணை, நான் தேசிக்காயைக் கையாலை எறிஞ்சனான் எண்டு எழுதுங்கோ. எனக்குப் போனஸும் இல்லை, லைசென்ஸும் இல்லை. என்னட்டை என்னத்தைக் குறைக்கப் போறாங்கள்?"

"விசர்க்கதை கதையாதை தம்பி. காசைக் குடுத்து முடிப்பம்," என்று அண்ணை பணப்பையை எடுத்தார். முகத்தில் கொஞ்சம் உயிர் வந்திருந்தது. போனஸ் தப்பிவிட்டது.

அப்போதுதான் சுபா கார்த் திறப்பைக் கொண்டுவந்து அவருக்கு முன்னால் வைத்தாள்.

"மாமா, இந்தாங்கோ. நான் நாளைக்கு வேலைக்குப் போகேல்லை. இனி வரேல்லை எண்டு இப்ப போன் அடிச்சுச் சொல்லப் போறன்."

"ஏன் பிள்ளை? அதுதான் காசைக் குடுக்கிறனே."

"இண்டைக்குக் குடுப்பீங்கள். நாளைக்கு? நான் ரோட்டைப் பாக்கிறதோ, உங்கடை எழுபது வீதத்தைப் பாக்கிறதோ? ஒரு அடி உருட்டேக்கையே நான் உங்கடை முகத்தைத்தான் பாத்தனான். என்னாலை ஏலாது மாமா." சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள்.

நான் சுவரைப் பார்த்தேன். ஓட்வாருக்குத் தமிழ் விளங்காது, ஆனால் அவரும் சுவரைத்தான் பார்த்தார்.

அண்ணை பணப்பையை மூடிச் சட்டைப் பைக்குள் வைத்தார். படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார். என்னிடம் பேனை கேட்டார். விபத்து நடந்த விதத்தைப் படமாகக் கீற அதில் ஓர் இடம் உண்டு. இரண்டு கார்களுக்கு இரண்டு பெட்டி கீறினார். நடுவே ஒரு சின்ன வட்டம் கீறி, அதற்கு ஒரு நீள அம்புக்குறி போட்டார். வட்டத்துக்குக் காம்பும் வைத்தார். எல்லாம் எழுதி, கீழே கையெழுத்து வைத்து, தாளை ஓட்வாரிடம் தள்ளினார்.

"மாமா!" என்றாள் சுபா.

"போட்டுது பிள்ளை. எழுபது வீதம் போட்டுது. இனி உடைக்கிறதுக்கு ஒண்டும் இல்லை. நீ ரோட்டைப் பாத்து ஓடு." திறப்பை எடுத்து அவள் கைக்குள் வைத்து விரல்களை மடக்கினார்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு அவரும் இறங்கி வந்தார். கூடப் போவார் என்று நினைத்தேன். ஏறவில்லை. "நான் வந்தா நீ என்னைத்தான் பாப்பாய்," என்று கதவைச் சாத்திவிட்டார். கார் மெல்லத் திரும்பி இறக்கத்தில் மறைந்தது. நாங்கள் இரண்டு பேரும் அந்தக் குளிரில் நின்றோம். உள்ளே வாங்கோ என்று எத்தனை தரம் கூப்பிட்டும் அவர் வரவில்லை. என் கைத்தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். முக்கால் மணித்தியாலத்துக்குப் பிறகு அது ஒருமுறை சிணுங்கியது. சுபா ஒரு சொல்தான் எழுதியிருந்தாள்: "வந்திட்டன்." மூக்குக்கண்ணாடி போடாமல் இறங்கி வந்தவர், அதை என்னை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார்.

சில வருடங்களின் பின் அவர் தங்கையோடு இருக்கப்போகிறேன் என்று கனடாவுக்குப் போனார். தந்துவிட்டுப் போன இலக்கம் வேலை செய்யவில்லை. சுபா இப்போது அதே இல்லத்தில் பெரிய தாதி. எங்கே போனாலும், போய் இறங்கினதும் எனக்கு அந்த ஒரு சொல்லை அனுப்புவாள். அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல ஒவ்வொரு முறையும் எனக்கு இருக்கும்.

கனடாப் பக்கம் இதை வாசிக்கிறவர்கள் அவரைக் கண்டால் வேறொன்றும் சொல்ல வேண்டாம். பிள்ளை போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். அவர் இன்னும் வெளியில்தான் நிற்பார்.