ஏழாம் அத்தியாயத்து இயந்திரம்

சனிக்கிழமைக்குள் மனைவியைத் தடுத்துவிடுவது என்று செவ்வாய்க்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் முடிவெடுத்தார்.

அவர் மனைவி ஒரு பல் மருத்துவமனையில் பன்னிரண்டு வருடமாக வரவேற்பு மேஜையில் இருக்கிறாள். மருத்துவர் ஊரின் மறுகோடியில் இன்னொரு கிளை திறக்கப் போகிறார். அதை முழுக்கப் பார்த்துக்கொள்ள அவளைக் கேட்டிருக்கிறார். காலை ஆறரைக்குக் கிளம்ப வேண்டும். திரும்பி வர இரவு எட்டாகும். சனிக்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

பதவி பெரிய பதவிதான். அதில் அவருக்கு மறுப்பே இல்லை. வீட்டை நினைத்தால்தான் தயக்கம். இந்த வீட்டில் துணிகள் எப்படியோ மடிந்து அலமாரிக்குப் போய்விடுகின்றன. தட்டுகள் எப்படியோ பளபளக்கின்றன. ஒன்பது வயது மகளின் தலையில் தினமும் காலையில் இரண்டு பின்னல்கள் முளைக்கின்றன. இவையெல்லாம் தாமாக நடப்பவை அல்ல என்ற சந்தேகம் அவருக்கு வெகுநாளாக உண்டு. உறுதிசெய்துகொள்ள அவர் விரும்பவில்லை.

"போகாதே" என்று நேராகச் சொல்லலாம். மற்ற வீடுகளில்.

ஆகவே எதிர்காலத்தைத் துணைக்கு அழைத்தார்.

வருங்காலத்தைப் பற்றிய புத்தகம் என்றால் அவருக்கு உயிர். இன்னும் பத்து வருடத்தில் ஊர் எப்படி இருக்கும், எந்தெந்தத் தொழில் காணாமல் போகும், மனிதன் எதை மறந்துபோவான் என்று யார் எழுதினாலும் அந்தப் புத்தகம் அவர் அலமாரிக்கு வந்துவிடும். இதுவரை நாற்பத்தொன்று. ஒவ்வொன்றையும் முடித்தவுடன் கடைசிப் பக்கத்தில் தேதி போடுவார். வளைத்து நெளித்து ஒரு கையெழுத்து. அதற்குக் கீழே ஒரே ஒரு சொல்: "நடக்கும்." எழுதிய ஆசிரியருக்கே அவ்வளவு உறுதி இருந்திருக்காது.

கடையில் அவர்தான் கண் பரிசோதிப்பார். சுவரில் எழுத்துப் பலகை மாட்டியிருக்கும். மேலே பானை அளவு எழுத்து, கீழே வர வர எறும்பு. "கடைசி வரியைப் படிங்க" என்று ஒரு நாளைக்கு முப்பது முறை சொல்வார். தடுமாறுகிறவர்களிடம், "வயசாகுதில்ல" என்று ஒரு சிரிப்பு சிரிப்பார்.

அந்தச் சிரிப்பை விட மனமில்லாததால், தனக்கும் மூன்று வருடமாகக் கிட்டத்தில் இருக்கும் எழுத்து தெரிவதில்லை என்பதை யாரிடமும் சொல்லவில்லை. ரகசியமாக ஒரு கண்ணாடி செய்து, புத்தக அலமாரியில் ஒளித்துவைத்திருந்தார். ஆள் இல்லாதபோது போடுவார். ஆள் வந்தால் கழற்றிவிட்டுப் புத்தகத்தைக் கை எட்டும் மட்டும் தள்ளிப் பிடிப்பார். கேட்டால், "எதிர்காலத்தைத் தள்ளி வச்சுத்தான் பார்க்கணும்" என்பார்.

நாற்பத்தோராவது புத்தகத்தின் ஏழாம் அத்தியாயம் கடவுள் அனுப்பியதுபோல் வந்து சேர்ந்திருந்தது. அன்று மாலையே அதை எடுத்துக்கொண்டு சமையலறை வாசலில் போய் நின்றார்.

"இந்த ஏழாம் அத்தியாயம் படிச்சியா?"

"நான் இன்னும் பாத்திரத்தையே முடிக்கல."

"அதைத்தான் சொல்ல வந்தேன். இன்னும் மூணு வருஷத்துல நீ பாத்திரமே தொட வேண்டாம்."

"இன்னைக்குப் பாத்திரம் மூணு வருஷம் தாங்காதுங்க. நாளைக்கே நாறும்."

"விளையாடாதே. வீட்டு வேலைக்குன்னே இயந்திரம் வருது. சமைக்கும். துடைக்கும். துணி மடிக்கும். தலை பின்னும். திருப்பி ஒரு வார்த்தை பேசாது."

"பேசாதா? பாவம்."

"மூணே வருஷம் பொறுத்துக்கோ. அது வந்ததும் நீ எந்தக் கிளைக்கு வேணும்னாலும் போ. நான் தடுக்கவா போறேன்?"

"அப்ப இப்ப தடுக்கிறீங்க."

"நான் எங்க தடுத்தேன்? புத்தகத்துல இருக்கிறதைச் சொன்னேன்."

"அந்தத் துணியைக் கொஞ்சம் எடுங்க" என்றாள். கொடுத்தார். கையைத் துடைத்துக்கொண்டு, மகளின் வீட்டுப்பாடத்தைப் பார்க்கப் போய்விட்டாள். ஏழாம் அத்தியாயத்தில் இரண்டு சொட்டுச் சோப்புத் தண்ணீர் விழுந்திருந்தது.

சொந்த வீட்டில் தன் பேச்சு எடுபடாதபோது வெளியாள் சாட்சி தேவைப்படுகிறது. புதன்கிழமை, பக்கத்து வீட்டுக்காரரை வாசல் கதவருகே மடக்கினார். முப்பது வருடம் லிப்ட் பழுதுபார்த்து ஓய்வுபெற்றவர் அவர். இயந்திரம் என்று அவர் வாயால் வந்தால் மனைவி மறுக்க மாட்டாள்.

"அண்ணே, நாளைக்கு சாயங்காலம் நம்ம வீட்டுக்கு டீ குடிக்க வாங்க. பேச்சுவாக்குல, 'வீட்டு வேலை இயந்திரம் மூணு வருஷத்துல வந்துடும்'னு ஒரு வார்த்தை சொல்லணும். அவ்வளவுதான்."

லிப்ட்காரர் யோசித்தார். "டீ மட்டுமா?"

"பிஸ்கட்டும் உண்டு."

"அப்ப வந்துடும், சார்."

வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு வந்தார். பேச்சுவாக்கில் என்பது அவருக்கு நினைவில்லை. செருப்பைக் கழற்றும்போதே, "தங்கச்சி, இயந்திரம் மூணு வருஷத்துல வந்துடும், டீ போடுங்க" என்றார்.

கண்ணாடிக் கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

மனைவி டீயும் பிஸ்கட்டும் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "அண்ணே, நீங்க முப்பது வருஷம் இயந்திரத்தோடவே இருந்தவர். சொல்லுங்க. அது வந்தா வேலை குறையுமா?"

"எங்கம்மா குறையும்? லிப்ட் வந்ததும் படி ஏறுற வேலை போச்சுன்னாங்க. அதுக்கு எண்ணெய் போட ஒருத்தர், கண்ணாடி துடைக்க ஒருத்தர், நடுவுல மாட்டிக்கிட்டவங்களை வெளியே இழுக்க நான். எந்த இயந்திரமா இருந்தாலும் துடைக்க ஒரு ஆள் வேணும். நீங்க ஏன் சார் என் காலை மிதிக்கிறீங்க?"

"தெரியாம பட்டுடுச்சு."

"ரெண்டு தடவையா?"

மனைவி எழுந்து உள்ளே போனாள். ஒரு தகரப் பெட்டியோடு திரும்பி வந்தாள்.

மருத்துவமனையில் அவளுக்கு ஒரு வேலை உண்டு. "ஆறு மாசம் கழிச்சு வர்றேன்" என்று சொல்லித் தப்பிக்கும் நோயாளியின் பெயரை ஒரு அட்டையில் எழுதி, அந்த மாதத்தின் அடுக்கில் செருகிவைப்பாள். ஆறு மாதம் முடிகிற அன்று தொலைபேசி போகும். "வர்றேன்னு சொன்னீங்களே?" என்று மிக இனிமையாகக் கேட்பாள். அந்த ஊரில் அவளிடமிருந்து தப்பிய பல் கிடையாது. வீட்டிலும் அப்படி ஒரு பெட்டி இருக்கிறது என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

முதல் அட்டையை உருவினாள். "ஒம்பது வருஷத்துக்கு முன்னால படிச்ச புத்தகம். நாலே வருஷத்துல உலகத்துல காகிதமே இருக்காதுன்னு போட்டிருக்கு. கடைசிப் பக்கத்துல நடக்கும்னு எழுதியிருக்கீங்க. கெடு தாண்டி அஞ்சு வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் காகிதத்துலயே இருபத்தாறு புத்தகம் வாங்கியிருக்கீங்க."

"அது கொஞ்சம் தாமதமாகும்."

"இது பதினொரு வருஷத்துக்கு முன்னால. பத்து வருஷத்துல வீட்டுக்கு ஒரு வேலைக்கார இயந்திரம் இருக்கும். எல்லாருக்கும் முன்னால எழுந்திருக்கும். சொல்லாமலே செய்யும். லீவு கேட்காது. இதுலயும் உங்க கையெழுத்து. போன வருஷம் கெடு முடிஞ்சுது." அட்டையை மேஜைமேல் வைத்தாள். "இந்தப் புத்தகம் தப்பாங்க?"

பிஸ்கட்டைக் கடித்தபடி லிப்ட்காரர் அவர் முகத்தையே பார்த்தார். கண்ணாடிக் கடைக்காரர் அவசரமாகக் கணக்குப் போட்டார். பழைய புத்தகம் தப்பு என்றால் புதிய புத்தகமும் தப்பாகலாம். ஏழாம் அத்தியாயம் போய்விடும். நாற்பத்தொரு கையெழுத்தும் போய்விடும்.

"புத்தகம் தப்பாது" என்றார் நெஞ்சை நிமிர்த்தி.

"நானும் அதையேதான் நினைச்சேன். வந்தாச்சு. எல்லாருக்கும் முன்னால எழுந்திருக்குது. சொல்லாமலே செய்யுது. இதுவரைக்கும் லீவு கேட்டதில்ல. இப்ப அது வேற கிளைக்கு மாறிப் போகுது."

லிப்ட்காரருக்குப் புரையேறியது. இருமி முடித்ததும், "கச்சிதமா இருக்கு சார்" என்றார். மீதி இருந்த பிஸ்கட்டையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். சாட்சிகளை நம்பி எந்த வழக்கையும் நடத்தக் கூடாது என்று கண்ணாடிக் கடைக்காரர் அன்று தெரிந்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை மாலை அவரிடம் தந்திரம் எதுவும் மிச்சமில்லை. புலம்பல் மட்டும் இருந்தது. அவள் துணி மடிக்கும் இடத்துக்கெல்லாம் பின்னாலேயே போனார்.

"நான் என்ன உலகத்தையா கேட்டேன்? மூணு வருஷம். மூணே வருஷம். கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள ஓடிடும்."

"அவ்வளவு சுலபமா ஓடிடுமா?"

"ஓடிடும்."

"இயந்திரம் நிச்சயமா வந்துடுமா?"

"எத்தனை தடவை சொல்றது? வந்துடும், வந்துடும், வந்துடும்."

அவள் கையில் இருந்த போர்வையின் நாலு முனையையும் சேர்த்து மடித்தாள். "சரி. நான் எழுதுறேன், நீங்க கையெழுத்துப் போட்டுக் கொடுங்க" என்றாள்.

அவர் காதை அவராலேயே நம்ப முடியவில்லை. மூன்று நாளாக மலையை முட்டிக்கொண்டிருந்தவருக்கு மலையே நகர்ந்து வழிவிட்டதுபோல் இருந்தது. அவள் ஒரு புது அட்டையை எடுத்து, நிதானமாக எழுதி நீட்டினாள். கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். முதல் வரி பெரிய எழுத்தில் இருந்தது: "மூன்று வருடத்தில் வீட்டு வேலை இயந்திரம் வரும்." அடுத்தது கொஞ்சம் சிறியது: "இதில் எனக்குச் சந்தேகமே இல்லை." அதற்கடுத்தது இன்னும் சிறியது: "அதுவரை பொறுத்துக்கொள்ள முழுச் சம்மதம்."

அதற்கும் கீழே எறும்புகள் வரிசையாகப் போவதுபோல் ஏதோ இருந்தது.

"கடைசி வரியையும் படிச்சுப் பார்த்துட்டுப் போடுங்க" என்றாள்.

கையை இன்னும் நீட்டினார். எறும்புகள் எறும்புகளாகவே இருந்தன. அலமாரி நாலடி தூரத்தில்தான் இருந்தது. ஆனால் அவள் முன்னால் கண்ணாடியை எடுத்தால், அப்புறம் வாழ்நாளெல்லாம் "வயசாகுதில்ல" என்பாள்.

"ம்" என்று தலையை ஆட்டினார். "எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"படிச்சீங்களா?"

"நான் யாருன்னு நினைச்ச? ஊருக்கே கடைசி வரி படிக்கச் சொல்லிக் கொடுக்கிறவன்."

வளைத்து நெளித்துக் கையெழுத்துப் போட்டார். பழக்க தோஷத்தில் அதற்குக் கீழே வழக்கமான சொல்லையும் எழுதினார்.

சனிக்கிழமை காலை அவள் மருத்துவருக்குத் தொலைபேசியில் பதில் சொன்னாள். கண்ணாடிக் கடைக்காரர் குளியலறையில் இருந்ததால், "சரிங்க டாக்டர், அப்படியே செஞ்சுடலாம்" என்பது மட்டும் காதில் விழுந்தது. எவ்வளவு நாசூக்காக மறுக்கிறாள் என்று பெருமையாக இருந்தது. வெற்றியைக் கொண்டாட நாற்பத்திரண்டாவது புத்தகத்தை வாங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தட்டுகள் தாமாகப் பளபளத்தன.

திங்கட்கிழமை காலை ஆறு இருபதுக்கு அவர் கண் விழித்தபோது, மனைவி தோளில் பையோடு வாசலில் நின்று கடிகாரத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"புதுக் கிளைக்கு. இன்னைக்குத்தானே திறக்கிறாங்க."

"மூணு வருஷம் பொறுத்துக்கறேன்னு எழுதிக் கொடுத்தியே."

"நான் எழுதினேன். கொடுத்தது யாரு? கையெழுத்து யாருது?"

அவள் பையிலிருந்து அட்டையை எடுத்து அவர் கையில் வைத்தாள். கடையில் அவர் சொல்வதுபோலவே, அதே பொறுமையோடு, அதே ராகத்தில் சொன்னாள்:

"கடைசி வரியைப் படிங்க."

அவர் கையை நீட்டினார். இன்னும் நீட்டினார். எழுத்து தெளிவதற்கு முன்னால் கை முடிந்துவிட்டது.

"மேல் தட்டுல, இடது பக்கத்துலேர்ந்து ஏழாவது புத்தகத்துக்குப் பின்னால இருக்கு உங்க கண்ணாடி" என்றாள் செருப்பை மாட்டிக்கொண்டே. "நேத்துதான் துடைச்சு வச்சேன். இனிமே நீங்களே துடைச்சுக்கோங்க."

கதவு சாத்திக்கொண்டது. சீப்பும் இரண்டு ரிப்பனுமாக மகள் வந்து அவர் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"ரெண்டு பின்னல்ப்பா. வகிடு நேரா இருக்கணும். பஸ் ஏழே காலுக்கு வரும்."

அவர் எழுந்துபோய் ஏழாவது புத்தகத்தை நகர்த்தினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையைக் கிட்டத்தில் பிடித்தார். எறும்புகள் ஒவ்வொன்றாக எழுத்தாக மாறின.

"இயந்திரம் வரும்வரை அதன் வேலையைக் கீழே கையெழுத்திட்டவர் செய்வார், வந்த பிறகு அதைத் துடைப்பார்."

அதன் கீழே அவருடைய கையெழுத்து. அதற்கும் கீழே, அவர் கைப்படவே, "நடக்கும்."