தலை வந்த காலை

கல்யாணமான புதிதில் ஒரு பெண் மறுசோறு கேட்டால் ஊருக்கு ஒரே அர்த்தம்தான். (பசி என்று யாருக்கும் தோன்றாது.)

கடல் கடந்து ஜார்ஜ் டவுனுக்கு நான் மருமகளாக வந்த வருஷம் எனக்கு அப்படி ஒரு பசி. கூடவே குமட்டல். துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த என் கணவர் (பெயரைச் சொல்ல இன்னும் கூச்சம்), நான் வாயைத் திறப்பதற்குள் மாதா கோயில் வாசலில் செய்தியைப் பரப்பிவிட்டார். அவருடைய அக்கா மரியம்மா தினமும் மாங்காயும் பன்றிக்கறியுமாக வந்து நின்றார். எனக்கும் பெருமைதான். வயிற்றைத் தடவித் தடவி நடந்தேன். தனியாக இருக்கும்போது அதனோடு பேசவும் செய்தேன்.

ஒருநாள் கொல்லைப்புறக் கக்கூஸில் வெள்ளை நாடா போன்ற துண்டுகளைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. நான் கொஞ்சியதெல்லாம் ஒரு நாடாப்புழுவை!

"ஊரெல்லாம் சொல்லிட்டீங்களே!" என்று அழுதேன்.

அவர் முகம் வாடியது. ஆனால் சட்டென்று என் கண்ணைத் துடைத்துவிட்டு, "புள்ள பொறவு வரும்லா. மொதல்ல உன் சோத்தத் திங்கிறவன வெளிய அனுப்புவோம்" என்றார்.

சீன மருந்துக்கடை வைத்தியரான சின்சேயிடம் போய் வைத்தியம் கேட்டு வந்தார். பூசணி விதை புழுவின் வாலை மயக்குமாம், பாக்குக் கஷாயம் தலையை மயக்குமாம். அப்புறம் பேதி உப்பு. தலை மட்டும் உள்ளே தங்கிவிட்டால் மறுபடியும் வளர்ந்துவிடும் என்றாராம் சின்சே.

லீவு போட்டுவிட்டு அவரே விதையை உரித்து அரைத்தார். கஷாயம் இறங்கியதும் எனக்கு வியர்த்துக் கொட்டி, வீடே சுற்றியது. அவர் என் கையை விடவில்லை. எல்லாம் முடிந்ததும், துரைமார் முன் கசங்காத கோட்டோடு நிற்கும் அந்த மனிதர், எனாமல் வாளி முன் குந்தி உட்கார்ந்து குச்சியால் தேடினார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"தலை வந்துடுச்சு!" என்று கூவினார்.

அந்த நேரம் பார்த்து அக்கா வாசலில், கோயில் பெண்களோடு.

"ஐயோ மாதாவே, இன்னும் மாசம் ஆகலியே!" என்று அலறி, தூக்குச்சட்டியைப் போட்டுவிட்டு உள்ளே பாய்ந்தார்.

என் கணவர் வாளியை மறைத்து நின்றார். "அக்கா... புள்ள இல்ல. புழு."

அக்கா எட்டிப் பார்த்தார். பிறகு என் அருகில் உட்கார்ந்து, முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார்.

"பாவம் தாயி. இத்தன நாளா என் கறியெல்லாம் இதுவா தின்னுச்சு?"

அழுதுகொண்டே சிரித்தேன்.

பிறகு எங்களுக்கு இரண்டு பெண்கள் பிறந்தார்கள். பெரியவள் அதிகாரம் பண்ணினால் சின்னவள் இன்றும் விடமாட்டாள்:

"நீ என்னா மூத்தவ? ஒனக்கு முன்னாடியே ஒரு அண்ணன் வாளியில பொறந்தான்லா!"