ஸ்டார்ட்டர் அண்ணனின் பெட்டி

தஞ்சாவூர் ஜில்லாவிலேயே, ஐயர் குறித்துக் கொடுத்த முகூர்த்த நேரத்தை ஒற்றைக் கையால் மாற்றியவர் ஸ்டார்ட்டர் அண்ணன் ஒருவர்தான்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. ரேஷன் கார்டைத் தவிர வேறெங்கும் அதற்குப் புழக்கமில்லை. ஒரத்தநாடு பக்கத்துக் கிராமம். வீட்டுக்கும் போர்செட்டுக்கும் மூன்று கிலோமீட்டர். மோட்டார் ஓடுவதற்கான மும்முனை மின்சாரம் நாளுக்குச் சில மணி நேரம்தான்; அது வந்ததும் ஓடிப்போய் மோட்டாரைப் போட வேண்டும். அப்படி ஓடியதில் ஒருநாள் வரப்பில் வழுக்கி விழுந்து, வலது காலுக்குள் கம்பி வைக்கும்படி ஆகிவிட்டது. "நிலத்தைக் குத்தகைக்கு விட்டுடுங்க" என்று ஊரே சொன்னபோதுதான், நான் வேலை பார்த்த தஞ்சாவூர் பம்புசெட் கடைக்கு வந்து, செல்போனிலிருந்தே மோட்டாரை இயக்கும் பெட்டியை வாங்கினார். பேசிப்பேசி வாங்க வைத்தவன் நான்.

பெட்டி மோட்டார் கொட்டகையில் இருக்கும். அதற்குள் ஒரு சிம். அண்ணன் செல்போனில் ஒரு ஆப். இரண்டுக்கும் நடுவில் கம்பெனியின் சர்வர் கம்ப்யூட்டர். கரண்ட் வந்தால் போன் கூவும். திரையைத் தொட்டால் வயலில் தண்ணீர் பாயும்.

அதன்பிறகு மனிதர் வேறெந்தக் காரியத்திலும் முழுதாக இருந்ததில்லை. மச்சான் மகள் கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். போன் கூவியது. "வந்துடுச்சு! வந்துடுச்சு!" என்று எழுந்து, டவர் கிடைக்கக் கையைத் தூக்கினார். நாயனக்காரர் அதைத் தனக்கான சைகையாக எடுத்துக்கொண்டார். கெட்டிமேளம் முழங்கியது. மாப்பிள்ளை பதறிப்போய்த் தாலியைக் கட்டிவிட்டார். நல்ல நேரம் தொடங்க இன்னும் ஏழு நிமிஷம் இருந்தது. எல்லோரும் திகைத்து நிற்க, அண்ணன் மட்டும் பூரித்துப்போய், "ஓடுதுய்யா!" என்றார். மோட்டாரைச் சொன்னார்.

கண் ஆபரேஷனுக்குப் படுக்க வைத்தபோதும் அப்படித்தான். "ஒரு நிமிஷம் பொறுங்க டாக்டர். மேட்டு வயல் நெறஞ்சிருக்கும். ஆஃப் பண்ணிக்கிறேன்."

ஐந்தாவது வருஷம், கோடை நெல் பால் பிடிக்கும் சமயத்தில் ஆப் திறக்கவில்லை. ஆங்கிலத்தில் ஒரு செய்தி மட்டும் வந்திருந்தது. மோட்டாரைப் போட அண்ணி நடக்க ஆரம்பித்தார். அண்ணன் பெட்டியைக் கழற்றிக்கொண்டு கடைக்கு வந்தார்.

"என்ன தம்பி போட்டிருக்கு?"

"இந்த மாடலுக்கு இனிமே சப்போர்ட் இல்லையாம்ணே. புது மாடல் வாங்கிக்கச் சொல்றாங்க."

"இத மாட்டிப் பாரு."

மாட்டினேன். பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே 'டக்' என்று சத்தம் கேட்டது.

"உசுரு இருக்கா?"

"இருக்குண்ணே."

"அப்பறம் எதுக்குத் தம்பி டெத் சர்ட்டிபிகேட் குடுத்திருக்காங்க?"

பெட்டியைத் துடைத்து அவர் கையிலேயே கொடுத்தேன். 'காலத்துக்கும் உழைக்கும்ணே' என்று சொல்லி விற்ற வாய் இது.

மறுநாள் கடை திறக்கும்போதே அண்ணன் வந்துவிட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு, கம்பி வைத்த காலை நீட்டி உட்கார்ந்தார். சத்தம் போடவில்லை. புது மாடல் பார்க்க வருகிறவர்களிடம் மட்டும், "வாங்க, உக்காருங்க. நல்ல பொட்டிதான். எத்தன வருஷம் பேசும்னு மட்டும் எழுதி வாங்கிக்குங்க" என்றார். வந்தவர்கள் என்னைப் பார்ப்பார்கள். நான் சீலிங் ஃபேனைப் பார்ப்பேன். அவர்கள் போய்விடுவார்கள். சாயங்காலம் எங்களுக்கும் சேர்த்து டீயும் வடையும் வாங்கி வருவார். மனதாரக் கோபப்படக்கூட வழியில்லை.

மூன்றாம் நாள் முதலாளியே புதுப் பெட்டி ஒன்றை நீட்டினார். "சும்மாவே எடுத்துட்டுப் போங்கண்ணே. சாமியா இருப்பீங்க."

"எனக்குக் குடுத்தா என் வாயி மூடும். எங்க ஊருல இன்னும் பதினோரு பொட்டி இருக்கே, அதுங்க?"

முதலாளி கம்பெனிக்குப் போன் போட்டுக் கெஞ்சினார். திருச்சியிலிருந்து ஏரியா மேனேஜர் வந்தார். தங்கமான மனிதர். "பழசு எல்லாத்துக்கும் சர்வர் ஓட்டிக்கிட்டே இருக்க முடியாதுங்க. எங்க கஷ்டத்தையும் பாருங்க" என்றார்.

அண்ணன் தலையாட்டினார். "ஞாயந்தான். நீங்க ஓட்ட வேணாம். பொட்டிக்குள்ள சிம் இருக்கு. நான் நேரா அதுக்கே போன் அடிக்கிறேன், அது மோட்டாரப் போடட்டும். நடுவுல நீங்க எதுக்கு?"

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "அந்த வசதி உள்ளயே இருக்குங்க. பூட்டி வெச்சிருக்கோம்."

"நான் வாங்குன பொட்டிக்கு நீங்க எதுக்குங்க பூட்டுப் போட்டீங்க?"

முதலாளி உட்பட எல்லோரும் மேனேஜரைப் பார்த்தோம். அவர் சீலிங் ஃபேனைப் பார்த்தார்.

பத்து நாளில் கம்பெனியிலிருந்து பூட்டைத் திறக்கும் எண் வந்து சேர்ந்தது. அண்ணனை பைக்கில் பின்னால் ஏற்றிக்கொண்டு, கொட்டகை கொட்டகையாகப் போய்ப் பன்னிரண்டு பெட்டிகளையும் திறந்துவிட்டேன். அண்ணனின் வயலில் ஓரமெல்லாம் காய்ந்துதான் போயிருந்தது. அண்ணி நடந்த நடையில் முக்கால் பங்கு தேறியது. அதனாலோ என்னவோ, முதல் போன் அடிக்கும் உரிமையை அண்ணன் அவரிடமே கொடுத்தார்.

அண்ணி போனைக் காதில் வைத்து, "ஹலோ" என்றார். பக்கத்திலேயே மோட்டார் உறுமிக்கொண்டு கிளம்பியது.

"கூப்ட ஒடனே வேலைய ஆரம்பிக்குது பாருங்க" என்று அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். அண்ணன் சட்டென்று மடை பார்க்கப் போய்விட்டார்.

நான் அந்தக் கடையை விட்டு, சென்னைக்கு வந்து வருஷங்களாகிவிட்டன. வாரம் ஒருமுறை அண்ணனிடமிருந்து போன் வரும். "அடடா, மோட்டாருக்கு அடிச்சேன், ஒனக்கு வந்துடுச்சு தம்பி. சரி, சாப்ட்டியா?"

வாய்க்கால் நிறையக் காவிரி ஓடி, மோட்டாருக்கு வேலையே இல்லாத மாதங்களிலும் இந்தத் தவறு நடக்கிறது. நானும் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன்.