ஒரு சொட்டும் விழாத கார்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, என் சொந்தக் காரின் அடியில் மல்லாந்து கிடந்தபடி, இனி எவருடைய உதவியையும் நாடுவதில்லை என்று நான் தீர்மானித்தேன். ஆண்களின் பெரிய தீர்மானங்கள் எல்லாம் படுத்த நிலையிலேயே எடுக்கப்படுகின்றன என்பது என் மனைவி பத்மாசனியின் கருத்து. அன்று நான் படுத்திருந்தது கட்டிலில் அல்ல, சாக்கில். ஆகவே அக்கருத்து எனக்குப் பொருந்தாது.

கார், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டில் பிறந்த ஏ-40, ஊர்வாயில் ஏ-போட்டி. என்னிலும் ஐந்து வயது மூத்தது. மூத்தோருக்குரிய மரியாதையுடன் அதை வீட்டு முகப்பிலுள்ள போர்ட்டிகோவில் நிறுத்தியிருந்தேன். கியர்பொக்ஸின் அடியில், பழைய ஒயிலை வடித்துவிடுவதற்கென ஒரு பிளக் உண்டு. வடிக்கும்போது மட்டும் வடியவேண்டிய அந்த இடம், கடமையுணர்ச்சி மிகுந்து இருபத்துநான்கு மணிநேரமும் வடியத் தொடங்கியிருந்தது.

முரசுமோட்டையில் எங்கள் வளவுக்குள் கூரையும் சீமெந்துத் தரையும் ஒருங்கே அமைந்த இடம் அந்தப் போர்ட்டிகோ ஒன்றுதான். மாசி மாதத்தில் அவித்த நெல்லை அங்கேதான் உலர்த்தவேண்டும் என்பது பத்மாசனியின் கட்சி. வெளியே உலர்த்தினால், சொல்லாமல் வரும் மழையில் நெல் நனைந்து மணக்கும். போர்ட்டிகோவில் உலர்த்தியதால் மழையில் நனையவில்லை. ஆனாலும் மணந்தது.

"இஞ்சாருங்கோ, இந்த நெல்லை ஒருக்கா மணந்து பாருங்கோ."

"நெல்லு மணம்தானே வருது."

"கறாச் ஒயில் மணம் வருது. ரெண்டு கடகப்பெட்டி நெல்லு கறுத்துப் போச்சு. இதைச் சோறாக்கினால் ஆர் தின்னுறது? உங்கட காரோ?"

"ஒரு சொட்டுத்தானே, பத்மா."

"ஒரு சொட்டோ? சீமெந்திலை இலங்கைப் படம் கீறி வைச்சிருக்கு. யாழ்ப்பாணம் மட்டும்தான் இன்னும் வரேல்லை."

குனிந்து பார்த்தேன். மன்னார் சற்றுப் பிழையாக இருந்தது. மற்றும்படி குறை சொல்வதற்கில்லை.

அவ்விடத்திலேயே ஒப்பந்தம் எழுந்தது. வெள்ளிக்கிழமை காலை காரின் கீழே வெள்ளைத் தாள் விரிக்கப்படும். ஒரு சொட்டு விழுந்தாலும் கார் பின்வளவு ஆட்டுக் கொட்டிலுக்குப் போகும், போர்ட்டிகோ நெல்லுக்கு.

"விழாட்டில்?" என்றேன்.

"விழாட்டில் போர்ட்டிகோ காருக்கே. அதைப்பற்றி நான் பிறகு வாய் திறக்கமாட்டன்."

உண்மையைச் சொன்னால், போர்ட்டிகோவைவிட அந்த இரண்டாவது வாக்கியமே என்னைப் பெரிதும் கவர்ந்தது.

பக்கத்து வளவில் கை உழவு இயந்திரங்கள் திருத்தும் சங்கிலி, வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். மலையகத்திலிருந்து வந்து இங்கே காணி வெட்டிக் குடியேறியவர். கேட்காமலே உதவும் கெட்ட பழக்கம் உடையவர்.

"கனகலிங்கம் ஐயா, பிளக்குக்கு உள்ள இருக்கிற செப்பு வாசர் தேஞ்சிருக்கும். புதுசு என்கிட்ட கெடக்கு. பத்து நிமிஷ வேலங்க."

"சங்கிலி, சண்டைக்குள்ளை பெற்றோல் இல்லாமல் இந்தக் கார் மண்ணெண்ணெயிலை ஓடின காலத்திலை நீர் எங்கை இருந்தனீர்?"

"மண்ணெண்ணெய்க்குக் கியூவுல நின்னேங்க."

நான் சவர்க்காரம் எடுக்க உள்ளே போனேன். இடப்பெயர்வுக் காலத்தில், எட்டுப் பேரையும் இரண்டு ஆடுகளையும் ஒரு தையல் இயந்திரத்தையும் ஏற்றிக்கொண்டு இதே காரில் சென்றபோது பெற்றோல் தாங்கியில் ஓட்டை விழுந்தது. சலவைச் சவர்க்காரத்தைப் பிசைந்து அப்பினேன். ஒழுக்கு நின்றது. அன்று தொடக்கம், உலகில் ஒழுகுவன அனைத்துக்கும் சவர்க்காரமே மருந்து என்பது என் சித்தாந்தம். செவ்வாய்க்கிழமை அரைக்கட்டிச் சவர்க்காரத்தைப் பிளக்கைச் சுற்றி அப்பினேன். ஒழுக்கு நின்றது.

புதன்கிழமை காலை, வெற்றியைக் கொண்டாடுமுகமாக முரசுமோட்டைச் சந்திவரை ஓடித் திரும்பினேன். பெற்றோல் தாங்கி சூடேறாது, கியர்பொக்ஸ் சூடேறும் என்ற சிறு வேறுபாட்டை என் சித்தாந்தம் கவனிக்கத் தவறியிருந்தது. சவர்க்காரம் உருகிற்று. பத்மாசனி தரையைக் கழுவத் தண்ணீர் ஊற்றினாள். போர்ட்டிகோ முழுவதும் நுரைத்தது.

"நல்ல விசயம். படுக்கைவிரிப்பு ரெண்டும் கிடக்குது, கொண்டு வந்து போடவோ?"

"நக்கல் வேண்டாம், பத்மா."

"நக்கல் இல்லை. கார் தோய்க்குது எண்டால் நான் ஏன் கிணத்தடிக்குப் போவான்?"

அவமானம் மனிதனுக்கு அசுர பலத்தைத் தருகிறது. ஸ்பானரின் பிடியில் நான்கடித் தண்ணீர்க் குழாயைச் செருகி, முழு உடலையும் கொடுத்துப் பிளக்கை இறுக்கினேன். 'கறக்' என்று ஓர் ஒலி கேட்டது. இறுகிவிட்டது என மகிழ்ந்தேன். பிளக்கோ, இறுகவேண்டிய எல்லையைக் கடந்து, சும்மா சுற்றத் தொடங்கிற்று. புரி அழிந்துபோயிருந்தது. அதுவரை சொட்டாக விழுந்தது இப்போது நூலாக இறங்கியது.

"ஐயா, சத்தம் கேட்டுச்சே!" என்றார் வேலிக்கு மேலால் சங்கிலி.

"ஒண்டுமில்லை. இறுகின சத்தம்."

வியாழக்கிழமை எனக்கு ஞானம் பிறந்தது. ஒழுக்கை நிறுத்த முடியாவிட்டால் ஒழுகும் பொருளை அகற்றிவிடலாமே! பத்மாசனி நெல் குற்ற மில்லுக்குச் சென்ற நேரம் பார்த்து, கியர்பொக்ஸிலிருந்த ஒயில் முழுவதையும் ஒரு பெயின்ற் தகரத்தில் வடித்தேன். பிளக்கைத் துணி சுற்றிச் செருகினேன். தகரத்தைப் பின்புற விறகு அடுக்கின் நடுவே ஒளித்துவைத்தேன். முப்பத்தாறு ஆண்டு இல்லறத்தில் நான் ஒருமுறையும் கைவைத்திராத இடம் அது. ஆகையால் எவருமே கைவைக்காத இடம் என்று முடிவுசெய்தேன்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. தாள் விரித்து இரண்டு மணிநேரம் காத்திருந்தோம். தாள், தேர்வு மண்டபத்தில் என் விடைத்தாள் இருந்ததைப் போல வெறுமையாக இருந்தது. சாட்சிக்குச் சங்கிலியையும் அழைத்திருந்தேன்.

பத்மாசனி தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஒரு சொட்டும் இல்லை. நான் தோத்துப் போனன்."

முப்பத்தாறு ஆண்டுகளில் அவ்வாயிலிருந்து வெளிவந்திராத வாக்கியம். அப்போதே எனக்கு ஐயம் எழுந்திருக்கவேண்டும். எழுந்தது நெஞ்சு மட்டுமே.

"அப்ப வெளிக்கிடுங்கோ," என்றாள்.

"எங்கை?"

"உடையார்கட்டுக்கு. தங்கச்சி ஜெயரூபி வீட்டை. நீங்கள் திருத்தின காரிலைதான் வாறம் எண்டு போனிலை சொல்லிப்போட்டன்."

ஒயில் இல்லாத கியர்பொக்ஸை ஓட்டினால், தர்மபுரம் தாண்டுமுன் பற்சக்கரங்கள் ஒன்றையொன்று அரைத்து மாவாக்கிவிடும். அறுபத்தெட்டு வயதில் பல் விழுவது எத்தகையது என்பதை நான் அறிவேன்.

"பற்றறி இறங்கிக் கிடக்கும், பத்மா."

"புதன்கிழமை சந்திக்கு ஓடேக்கை ஏறித்தானே இருந்தது?"

"மழை வரப்போகுது."

"வானத்தைப் பாருங்கோ. உங்கட முகம் மாதிரி வெளுத்துப்போய்க் கிடக்கு."

"பஸ்ஸிலை போவம். பஸ் எண்டால் நல்ல காத்தோட்டம்."

"இந்தக் கார் ஓடுமோ, ஓடாதோ? ஒரு சொல்லிலை சொல்லுங்கோ."

"ஒப்பந்தம் ஒழுக்கைப் பற்றினது. ஓட்டத்தைப் பற்றி ஒண்டும் பேசேல்லை!" என்று சட்டத்தரணியைப்போல் முழங்கினேன்.

"சரி. ஒழுக்கைப் பற்றியே கதைப்பம். ஒயில் எங்கை?"

"கியர்பொக்ஸிலை."

"அப்ப விறகுக்குள்ளை தகரத்திலை இருந்தது என்ன, தேத்தண்ணியோ?"

கிழமைக்கு மூன்று முறை நெல் அவிப்பவள் விறகை எங்கிருந்து எடுக்கிறாள் என்று நான் ஒருநாளேனும் எண்ணிப் பார்த்ததில்லை.

"ஜெயரூபிக்கு..." என்றேன் ஈனக்குரலில்.

"அவளுக்கு நான் போனே எடுக்கேல்லை. சும்மா சொன்னது."

சங்கிலி இருமினார். "அம்மா, நீங்க குடுத்த ஒயில கொட்டில் தூணுக்கெல்லாம் நேத்தே ரெண்டு பூச்சுப் பூசிட்டேங்க. இனிக் கறையான் அண்டாது. ஆட்டையெல்லாம் வேப்பமரத்துக்கு மாத்திக் கட்டியாச்சு."

"சங்கிலி, நீருமோ!"

"நான் வாசர் தாறேன்னு சொன்னேன்தானேங்க."

காரைக் கொட்டிலுக்குத் தள்ளுவதென்று முடிவாயிற்று.

"நீங்களும் சங்கிலி அண்ணையும் தள்ளுங்கோ. நான் ஸ்டியரிங் பிடிக்கிறன்."

"உமக்கு எங்கை கார் ஓடத் தெரியும்?"

"தள்ளுங்கோ."

தள்ளினோம். கிணற்றுக்கட்டுக்கும் தேசி மரத்துக்கும் இடையே ஓர் ஒடுக்கமான வழி உண்டு. நான் அவ்வழியால் காரைக் கொண்டுசென்ற இருமுறையும் மட்கார்டின் வண்ணத்தைக் கிணற்றுக்கட்டுக்கு வழங்கியிருக்கிறேன். கண்களை மூடிக்கொண்டேன். ஓர் உரசல் இல்லை. ஓர் இலைகூட அசையவில்லை. கார் வளைந்து, நிமிர்ந்து, கொட்டிலின் நட்டநடுவே நேராகப் போய் நின்றது. ஹேண்ட்பிறேக்கை இழுத்துவிட்டுச் சேலைத் தலைப்பை உதறியபடி பத்மாசனி இறங்கினாள்.

மூச்சு வாங்கக் கேட்டேன்: "எப்ப பழகினீர்?"

"முப்பத்தாறு வருசமாய்ப் பக்கத்திலை இருந்து, நீங்கள் விட்ட பிழையளைப் பாத்துத்தான்."