காற்றைக் கூட்டி வகுத்த வகையில்

மரியாதைக்குரிய மச்சானுக்கு, உங்கள் தங்கை கணவன் பணிவன்புடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உங்கள் தங்கை என்மேல் கோபமாக இருக்கிறாள். ஆகவே வழக்கமான நலம்.

படிப்பதற்காக எங்களிடம் விட்டிருக்கிறீர்களே உங்கள் மகளை, அவளைப் பற்றி நாலு வார்த்தை எழுதாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். என் நாற்காலிப் பட்டறைக்குப் பின்னால் நீளமாக ஒரு காலிமனை உண்டல்லவா, அதன் நடுவாக்கில்தான் பக்கத்து வீட்டுப் பல் டாக்டரின் ஜன்னல். "இன்னொரு தடவ வார்னிஷ் நாத்தம் உள்ள வந்துச்சு, பட்டறையப் பூட்ட வச்சிருவேன்" என்று போனவாரம் வாசலில் நின்று கத்திவிட்டார். வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கும் நோயாளிகள் பாவம், எங்கே ஓடுவார்கள்? வார்னிஷ் கொட்டகையைக் காற்று வரும் திசைக்கு எதிர்க்கோடியில் போட்டால் நாற்றம் ஜன்னல் பக்கம் வராமல் வெளியே போய்விடும். ஆனால் காற்று வடக்கிலிருந்து வருகிறதா, தெற்கிலிருந்தா? காற்றின் வேகத்தையும் திசையையும் எண்ணாகக் காட்டும் காற்றுமானி ஒன்றை உங்கள் மகள் வாங்கிவந்தாள். அவள் கல்லூரிக்குப் போன நேரத்தில் மாடியேறி அதை மாட்டியவன் அடியேன். அதில் ஓர் எழுத்து அழகாகப் பொறித்திருந்தது. போகிற வருகிறவர்கள் பார்க்கட்டுமே என்று அதைத் தெருப்பக்கம் திருப்பிவைத்தேன்.

எண்கள் வந்து குவிந்தன. வடக்கு பூஜ்யம் டிகிரியாம், ஒரு சுற்று சுற்றிவந்தால் முந்நூற்று அறுபதாம். ஒரு காற்று பத்து, அடுத்தது முந்நூற்று ஐம்பது. கூட்டி இரண்டால் வகுத்தேன். நூற்று எண்பது, அச்சு அசல் தெற்கு! உடனே வடகோடியில் கொட்டகை போட்டேன். சாயங்காலம் வந்தவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"மாமா, ரெண்டுமே வடக்குக் காத்துதான். ஒண்ணு கொஞ்சம் இப்படி, ஒண்ணு கொஞ்சம் அப்படி. வகுத்து நேர் எதிரே அனுப்பிட்டீங்களே!"

"கால்குலேட்டர் சொல்லுச்சும்மா."

"அதுக்குக் காத்தப் பத்தி என்ன தெரியும்?"

"இவருக்கு மட்டும்?" இது உங்கள் தங்கை.

பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள். யாரோ புண்ணியவான்கள் முன்கூட்டியே எழுதிவைத்த நிரல்களின் தொகுப்பாம், அதற்கும் லைப்ரரி என்றுதான் பெயராம். வேகம் ஒரு வரிசை, திசை ஒரு வரிசை கொடுத்தாள். நாலைந்து வரி தட்டினாள். மச்சான், திரையில் ஒரு பூ விரிந்தது! திசைக்கு ஓர் இதழ். அடிக்கடி வரும் காற்றுக்கு நீள இதழ், வேகத்துக்குத் தக்க நிறம். கண்ணில் படாத காற்றைப் பிடித்து உட்காரவைத்துப் படம் எடுத்துவிட்டாள். வடக்கு இதழ் முழநீளம். கொட்டகையைப் பிரித்துத் தென்கோடியில் போட்டாயிற்று, கவலை தீர்ந்தது. இப்படி ஒரு பிள்ளையைப் பெற்ற வயிற்றுக்கு என் நமஸ்காரம். உங்களுக்கும் போனால் போகிறதென்று கொஞ்சம்.

குழந்தைகளுக்கு ஆசி, பெரியவர்களுக்கு வணக்கம், உங்கள் மூட்டுவலிக்கு என் அனுதாபம்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையிடம் அகப்பட்டவன்

பி.கு.: உறையை ஒட்டும்போது டாக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நிற்கிறார். உங்கள் மகள் மாடிக்கு ஓடினாள். "மாமா! வடக்குன்னு போட்ட எழுத்த எதுக்குத் தெருப்பக்கம், தெற்கே திருப்பி வச்சீங்க?" ஒரே ஒரு வரி சேர்த்தாள், பூ தலைகீழாகத் திரும்பியது. காற்று தெற்கிலிருந்துதான் வருகிறது. கொட்டகை மறுபடி வடகோடிக்கே.

"அப்ப என் கணக்கு சரிதானே?" என்றேன்.

"திருப்பி வச்ச தப்பும் வகுத்த தப்பும் ஒண்ணையொண்ணு கவுத்துருச்சு மாமா."

படத்தைப் பார்த்த டாக்டர் பூட்டுப் பேச்சை விட்டுவிட்டார். ஒரே நிபந்தனை: இனி நான் மாடியேறக் கூடாது.