கார்டினால் வீட்டு விட்டம்

இறுதிப் போட்டிக்கு நான் போய்ச் சேரவில்லை.

இரும்புக் குண்டை எறிந்து ஆடும் பெத்தாங்க் ஆட்டத்தில் அவின்யோன் ஊர் இறுதிப் போட்டி. சனிக்கிழமை மதியம் மூன்று மணி. அன்றுதான் எங்கள் கல்யாண நாளும். கல்யாண நாளில் இரும்புக் குண்டைத் தொட்டால் வீட்டுக்குள் விடமாட்டேன் என்று என் மனைவி ஜோசியான் சொல்லிவிட்டாள். ஆள் குறைந்தால் எங்கள் தலைவன் கில்பேரின் அணி ஆடாமலே தோற்கும். ஐந்து வருஷமாகக் கோப்பை பக்கத்து ஊர் காவய்யோன்காரர்களிடம் இருக்கிறது.

யோசித்தேன். போப்புக்கு அடுத்த பெரிய பாதிரியாரான கார்டினால் ஒருவர் அந்தக் காலத்தில் குடியிருந்த பழைய மாளிகை இப்போது பெரிய ஹோட்டல். ஆட்டத் திடல் அதன் பின்வாசலில். அங்கே ஒரு நாள் தங்க வேண்டும் என்று நாற்பது வருஷமாகக் கேட்கிறாள். நான் காதில் வாங்கியதில்லை. இந்த வருஷம் நானே கூப்பிட்டேன். மதியம் சாப்பிட்டால் இரண்டு மணி நேரம் கட்டைபோலத் தூங்குவாள். அது போதும். குண்டுப் பையைப் பெட்டியில் என் சட்டைக்கு அடியில் வைத்தேன்.

அவள் சந்தேகப்படவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஹோட்டல் வாசலில் தொப்பியைக் கழற்றினேன். யாரும் சொல்லவில்லை. கை தானாகப் போனது.

சாப்பிட்டு வந்ததும் ஜன்னலைச் சாத்தச் சொன்னாள். எங்கள் ஊரில் மதிய வெயிலை யாரும் உள்ளே விடுவதில்லை. சாத்தினேன். அவள் தூங்கட்டும் என்று பக்கத்தில் படுத்தேன். மேலே பார்த்தேன்.

முப்பத்தெட்டு வருஷம் ஊரார் வீட்டு மச்சுக்குப் பூச்சு பூசியவன் நான். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. உத்தரம் முழுக்க ஓவியம். அறுநூறு வருஷம். ஒரு விரிசல் இல்லை. முற்றத்துக் குளத்தில் பட்ட வெயில் ஜன்னல் கதவிடுக்கில் நுழைந்து விட்டத்தில் ஊர்ந்தது. பட்ட இடம் மட்டும் உயிர் பெற்றது. ஒரு முயல், மீசைகூடத் தெரிந்தது. அடுத்ததைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்றிருந்தேன். ஒரு கவுதாரி. பிறகு ஒரு நாய். நாய் யாரைப் பார்க்கிறது? ஒரு பெண், கையில் மாதுளை. அந்த நீலத்தை எதில் குழைத்தானோ. எழுபத்தோரு வயதில் கண் கலங்கியது. வெளியே சொல்லாதீர்கள்.

மணி ஐந்து அடித்தது. திரும்பினேன். படுக்கையில் அவள் இல்லை. பெட்டியில் பை இல்லை.

வெறுங்காலோடு ஓடினேன். திடலில் கில்பேர் கோப்பையும் கையுமாக நின்றான். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு என்று சமமாக நின்று கடைசிக் குண்டில் ஜெயித்தார்களாம். எறிந்தவள் நிழலில் உட்கார்ந்து சோம்பு மது குடித்துக்கொண்டிருந்தாள். பதில் ஆட்டக்காரியாக வியாழக்கிழமையே பெயர் கொடுத்துவிட்டாளாம்.

“கல்யாண நாள்ல குண்டைத் தொடக் கூடாதுன்னியே?”

“நீ தொடக் கூடாதுன்னேன்.”

“உனக்கு எறிய எங்கே தெரியும்?”

“முப்பது வருஷமா ராத்திரிச் சாப்பாட்டுல நீ எறிஞ்ச கதையைத்தானே கேக்கறேன். அதுக்கு நேர் எதிரா எறிஞ்சேன்.”

“நான் வந்து நின்னிருந்தா?”

“எப்படி வருவே ரெமொன்? அந்த விட்டம் இருக்கற அறைதான் வேணும்னு போன் பண்ணிக் கேட்டதே நான்தான்.”

அடுத்த வருஷத்து அணியைக் கில்பேர் அங்கேயே எழுதினான். பதில் ஆட்டக்காரன், ரெமொன். என் இடத்தில், ஜோசியான்.