சுவரில் மாட்டிய லைசன்ஸ்

"காசும் குடுக்கணும், சாமானும் கைக்கு வராது. அப்போ நீ வாங்குறது என்னத்தையாக்கும் மக்கா?" என்று கேட்டார் அப்பா.

பூவார் கடற்கரையில் மீன்பிடிக்கிறவர்; வலையையும் படகு எஞ்சினையும் தொட்டுப் பார்த்து வாங்கியே பழகியவர் அவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எதற்கும் என்னிடம் பதில் இருக்கும் (சரியான பதில் என்று சொல்லவில்லை).

"சாமான் இல்லப்பா, உரிமை. சாஃப்ட்வேரை வச்சு வேலை செய்யுற உரிமை."

"செரி, அத எதுல பொதிஞ்சு தருவான்?"

அது எனக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் ஆசையாக இருந்தது.

பாறசாலை பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரே ஒரு கம்ப்யூட்டரோடு டிடிபி சென்டர் நடத்தினேன். கல்யாணப் பத்திரிகை இல்லாத மாதங்களில் ஈ ஓட்டினேன். அப்போது திருவனந்தபுரத்துப் பதிப்பாளர் ஒருவர், தமிழிலும் மலையாளத்திலும் பள்ளிக் கையேடுகள் அச்சுக்கோக்க ஆள் தேடினார். ஒரே நிபந்தனை: அச்சுக்கோக்கும் சாஃப்ட்வேருக்கு லைசன்ஸ் வேண்டும். எங்கள் பக்கத்தில் அப்படியொன்றை யாரும் கண்டதில்லை. ஒரு சிடி வந்தால் அதுவே நெய்யாற்றின்கரை முதல் காட்டாக்கடை வரை ஊர்வலம் போகும். அந்த வேலை கிடைத்தால் கடை பிழைக்கும். இல்லாவிட்டால் பூட்ட வேண்டியதுதான்.

நெய்யாற்றின்கரை இன்டர்நெட் மையத்தில் உட்கார்ந்து தேடினேன். பெங்களூரில் ஒரு விற்பனையாளர் அகப்பட்டார். அசல் ஆள்தானா? சாஃப்ட்வேரைத் தயாரித்த கம்பெனிக்கே மெயில் எழுதிக் கேட்டேன். மாப்பிள்ளையைக்கூட யாரும் இப்படி விசாரித்திருக்க மாட்டார்கள். 'எங்கள் ஆள்தான்' என்று பதில் வந்தபிறகே வங்கி டிராஃப்ட் எடுத்து அனுப்பினேன்.

தபாலில் ஒரு சிடியும், தடித்த காகிதத்தில் ஒரு சான்றிதழும் வந்தன. சான்றிதழில் பிலோமினா என்று என் பெயர். அதன் கீழே நீளமாக ஓர் எண். இரண்டையும் பிசகாமல் அடித்தால்தான் சாஃப்ட்வேர் திறக்கும்.

இங்கேதான் என் படிப்பு வேலை செய்தது. எங்கள் ஊரில் லைசன்ஸ் என்றால் மாட்டுவதற்குத்தான். சாயாக்கடையானாலும் ரேஷன் கடையானாலும் லைசன்ஸ் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும். அதிகாரி வந்தால் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவார். நானும் பிரேம் போட்டேன். அந்தோணியார் படத்துக்குப் பக்கத்தில், வாசலில் நிற்பவருக்கும் தெரியும்படி மாட்டினேன். மேலே ஒரு சின்ன பல்பு வேறு.

சுற்றுவட்டார டிடிபிக்காரர்கள் எல்லோரும் வாழ்த்த வந்தார்கள்.

"அடிபொளியாக்கும் மக்கா!" என்று காட்டாக்கடை சசி அண்ணன் நெடுநேரம் அண்ணாந்து நின்றார். பிறகு, "ஒரு பேனா உண்டா?" என்றார்.

கொடுத்தேன். (பேப்பரும் கொடுத்தேன்.)

பதிப்பாளர் கடையைப் பார்க்க வந்த நாளில் எனக்குத் தலைகால் புரியவில்லை. "சந்தேகம் இருந்தா வித்தவங்ககிட்டயே கேளுங்க சார்" என்று நானே பெங்களூருக்கு எஸ்.டி.டி. போட்டு ரிசீவரை நீட்டினேன். எண்ணை வாசித்தார். கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"நீ காட்டாக்கடை பிலோமினாவா, நெய்யாற்றின்கரை பிலோமினாவான்னு கேக்குதாங்க."

"நான்... பாறசாலை சார்."

"அது புதுசாம். இந்த நம்பரச் சொல்லி உதவி கேட்டு நிறைய பிலோமினா விளிச்சாச்சாம். ஒரு பிலோமினாவுக்கு நல்ல கட்டக் குரலாம்."

நான் சுவரைப் பார்த்தேன். பல்பு எரிந்துகொண்டிருந்தது. பதிப்பாளருக்குச் சிரிப்பில் கண்ணீரே வந்துவிட்டது. எனக்குச் சிரிக்காமலே வந்தது.

பெங்களூர்க்காரர்கள் அந்த எண்ணை ரத்து செய்தார்கள். பில் என்னிடம் இருந்ததால் புது எண் கொடுத்தார்கள். அதைப் பீரோவுக்குள் வைத்தேன். பதிப்பாளர் தமிழ்க் கையேடுகளை மட்டும் தந்தார். மலையாளத்தை, கொஞ்சம் ரகசியம் காக்கத் தெரிந்த வேறொருவருக்குக் கொடுத்தாராம். கடை பிழைத்தது.

அப்பாவுக்கோ பெருமை தாங்கவில்லை. "எம்மவ பேர அடிக்காம காட்டாக்கடையில ஒரு கம்ப்யூட்டரும் திறக்காதாக்கும்" என்று பூவார் கடற்கரையில் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அவர் சொன்னதை ஒருநாள் யோசித்துப் பார்த்தேன். இத்தனை பேருக்கு அந்த சாஃப்ட்வேர் வேண்டியிருக்கிறது. ரத்தான எண்ணுக்கு பெங்களூரில் யாரும் உதவி சொல்வதில்லை. சசி அண்ணனின் பிரிண்டர் மலையாளத்தைக் கட்டம் கட்டமாகத் துப்பிக்கொண்டிருந்தது. 'இந்தப் பக்கத்துக்கு உங்களுக்கு ஒரு விற்பனையாளர் வேண்டாமா?' என்று பெங்களூருக்கு எழுதினேன். யோசித்துச் சொல்வதாகப் பதில் வந்தது.

அவர்கள் யோசிக்கட்டும். நேற்று காட்டாக்கடைக்குப் போய், சசி அண்ணனைச் சம்மதிக்க வைத்து, அவர் பெயரிலேயே பெங்களூருக்கு ஓர் ஆர்டர் எழுதி அனுப்பிவிட்டேன். விற்பவர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டிருக்கிறேன்.